நட்சத்திரக் குறிக்கு உரை எழுதுதல்

“* என்னும் குறி ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட எழுத்துகளைக் குறிக்கும்.” இந்த ஒரு வாக்கியத்தோடு சென்ற மழைக்காலத்தில் நான் மூன்று வாரம் குடித்தனம் நடத்தினேன். பார்வைக்குக் குறை எதுவும் இல்லாத வாக்கியம். எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, சந்திப் பிழை கூட இல்லை. கணினி அறிந்த ஒருவர் வேகமாகப் படித்தால் தலையசைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். நானும் இரண்டு ஆண்டுகளாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

டிக்கோயாவில் வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறேன். தேயிலைத் தொழிற்சாலைகளிலிருந்தும் தோட்டக் கந்தோர்களிலிருந்தும் அன்றாடம் வந்து சேரும் கொழுந்து நிறை, செக்ரோல் (வருகையும் சம்பளமும் பதியும் பேரேடு), தரவாரியான தூள் அளவு ஆகிய கோப்புகளைத் திரட்டிக் கணக்குக் காட்டும் ஒரு மென்பொருளுக்கு விவரக்குறிப்பு எழுதுவதும், எழுதியதைத் திருத்துவதும் என் பொறுப்பு. அந்த ஆவணம் ஆங்கிலத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக இருக்கிறது. தமிழ்ப் பதிப்பு, கந்தோர்களில் அமர்ந்து விதிகளைத் தட்டெழுதும் கிளாக்கர்மாருக்காகவே முதலில் எழுதப்பட்டது. எந்தக் கோப்பு எந்தக் கணக்கில் சேர வேண்டும் என்பதை அவர்கள் வைல்ட்கார்ட் குறிகளை, அதாவது மற்ற எழுத்துகளுக்குப் பதிலாக நிற்கும் குறிகளை, கொண்டே சொல்கிறார்கள். நட்சத்திரம், கேள்விக்குறி, சதுர அடைப்பு என்று மொத்தம் மூன்றே குறிகள். அவற்றுக்கு ஒன்பது பக்க விளக்கம். ஒன்பது பக்கம் எழுதியும் பிழை முதற் பக்கத்திலேயே இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில், ஒரு தொழிற்சாலையின் வார அறிக்கையிலிருந்து பிஓபி என்ற தரம் அடியோடு காணாமற் போனது. (தேயிலைத் தரங்களின் ஆங்கிலக் குறியீடுகளை இங்கே தமிழில் எழுதுகிறேன். பிஓபி என்பது BOP. பி, ஓ, எஃப் ஒவ்வொன்றையும் ஓர் எழுத்தாகவே கொள்ள வேண்டும்.) மலைநாட்டின் உயரமான தோட்டங்களில் பிஓபியும் பிஓபிஎஃப்பும்தான் முதன்மையான தரங்கள். அவற்றுள் ஒன்று அறிக்கையில் இல்லை என்றால், சோற்றுக் கடையில் சோறு இல்லை என்பது போலத்தான். அந்த அறிக்கைக்கான விதியில் “பிஓபி*” என்று எழுதியிருந்தது. பிஓபிஎஃப் வந்திருந்தது, பிஓபி வரவில்லை.

நடந்தது இதுதான். பழைய நிரலில் நட்சத்திரம் வெறுமையையும் ஏற்றுக்கொண்டது. பிஓபி என்பதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லாவிட்டாலும் பொருந்தியது. பொருத்தும் பகுதியைப் புதிதாக எழுத வந்த தம்பி பண்டாரவளைக்காரர். ஆங்கிலப் பதிப்பில் அந்த இடம் மங்கலாக இருக்கிறதென்று தமிழ்ப் பதிப்பை எடுத்துப் படித்து, அதில் எழுதியிருந்தபடி எழுத்துப் பிசகாமல் செய்துவிட்டார். “ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட” என்று எழுதியிருந்தால் பிஓபிக்குப் பின்னால் குறைந்தது ஓர் எழுத்தாவது இருக்க வேண்டும். இல்லாதபடியால் பிஓபி விலக்கப்பட்டது. அவரிடம் ஒரு பிழையும் இல்லை. அந்தத் தமிழ் வாக்கியத்தை எழுதியவன் நான்.

இதற்கிடையே கந்தோரில் இருந்த கிளாக்கர் ஒருவர், நாங்கள் திருத்தித் தரும் வரையில் காத்திராமல், “*பி” என்று போட்டுப் பார்த்திருக்கிறார். பியில் முடிகிற எல்லாம் வரட்டும் என்பது அவர் எண்ணம். பிஓபி வந்தது. கூடவே ஓபியும் எஃப்பிஓபியும் வந்து அதே வரிசையில் உட்கார்ந்துகொண்டன. இல்லாத எண் இருந்த இடத்தில் தவறான எண் வந்தது. இரண்டில் எது மோசம் என்று கேட்டால், இல்லாததை யாராவது தேடுவார்கள், தவறானதை யாரும் தேடமாட்டார்கள் என்றே சொல்வேன்.

நான் ஏன் அப்படி எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஆங்கில மூலத்தில், எத்தனை எழுத்துகளானாலும் பொருந்தும் என்ற பொருளில் ஒரு தளர்ந்த வாக்கியம் இருந்தது. அதைத் தமிழாக்கும்போது “எத்தனை எழுத்துகளாயினும்” என்று எழுதிப் பார்த்தேன். ஒப்பந்தப் பத்திரத்தில் ஓட்டை இருப்பது போலத் தோன்றியது. இறுக்கமாகச் சொல்கிறேன் என்று “ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட” என மாற்றினேன். இறுக்கிய இடத்தில் பூச்சியம் நசுங்கிப் போனது. தமிழில் “எத்தனை பேர் வந்தாலும் சாப்பாடு இருக்கிறது” என்று சொல்பவர், ஒருவருமே வராத பந்தியை நினைத்துச் சொல்வதில்லை. “எத்தனை” என்ற சொல்லே ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. “எழுத்துகள்” என்ற பன்மை விகுதியும் சேர்ந்துகொண்டால், படிப்பவர் மனத்தில் இரண்டு மூன்று எழுத்துகளாவது வரிசையாக நிற்கும். ஆகவே தமிழில் வெறுமையைப் பொதுச்சொல்லுக்குள் ஒளித்துவைக்க முடியாது, பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். யுனிக்ஸ் வழிவந்த கணினிகளுக்குப் பொதுவான போசிக்ஸ் தரநிலை ஆங்கிலத்திலேயே அப்படித்தான் செய்கிறது: நட்சத்திரம் எந்தச் சரத்தோடும் (எழுத்துத் தொடரோடும்) பொருந்தும் என்பதோடு நிற்காமல், வெற்றுச் சரமும் அதில் அடங்கும் என்று தனியே சொல்லிவிடுகிறது. 1971ஆம் ஆண்டின் யுனிக்ஸ் முதற் பதிப்பில் குளோப் என்ற தனி நிரல், குறி உள்ள மாதிரியைக் கோப்புப் பெயர்களாக விரித்துக் கொடுத்த காலத்திலிருந்து இந்தக் குறி புழங்கி வருகிறது. புழக்கம் மிகுந்த பொருளுக்கு வரையறை எழுதும்போதுதான் கை அலட்சியமாகிறது.

அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் செக்ரோல் கிளாக்கராக இருந்தவர். அன்று மாலை மழை பிடித்துக்கொண்டு மின்சாரமும் போய்விட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவரிடம் இதைச் சொன்னேன். நட்சத்திரம், சரம் என்றெல்லாம் சொல்லாமல், ஒன்றும் இல்லாத இடத்தை எழுத்தில் எப்படிக் காட்டுவது என்று மட்டும் கேட்டேன்.

“வராத ஆளுக்கும் கட்டத்துல ஒரு குறி போடணும் மகன். சும்மா விட்டா, ஆள் வரலையா, நான் எழுத மறந்துட்டேனான்னு பிறகு யாருக்குத் தெரியும்?”

“குறி போடாம விட்டது எப்பவாச்சும் உண்டா அப்பா?”

“ஒருதரம். சம்பள நாளன்னிக்கு அந்த அம்மா மேசைக்கு முன்னால வந்து நின்னாங்க. இன்னும் மறக்கல.”

தோட்டத்து வழக்கில் ஒரு நாள் வேலை ஒரு “பேர்”. நிறை குறைந்தால் “அரைப்பேர்”. முழுமைக்கும் பாதிக்கும் இல்லாமைக்கும் தனித்தனியே குறி வைத்திருந்த கணக்கு அது. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன் இல்லாமையை விட்டுவிட்டு விதி எழுதினேன்.

மறுநாள் முதற் பக்கத்தைத் திருத்தினேன்: “* என்னும் குறி, எழுத்து எதுவும் இல்லாத வெறுமை உட்பட, எந்த நீளமுள்ள எழுத்துத் தொடரோடும் பொருந்தும். எனவே பிஓபி* என்பது பிஓபி என்பதோடும் பொருந்தும்.” இரண்டாம் வாக்கியம் எடுத்துக்காட்டுப் போலத் தோன்றினாலும் உண்மையில் விதியின் பகுதிதான். எடுத்துக்காட்டுகள் பொதுவாக நடு வழியில் நடப்பவற்றையே காட்டுகின்றன. எங்கள் பழைய பதிப்பில் நட்சத்திரத்துக்கு ஏழு எடுத்துக்காட்டுகள் இருந்தன. ஏழிலும் நட்சத்திரத்தின் இடத்தில் ஏதோ ஒன்று இருந்தது. விளிம்பைத் தொடாத எடுத்துக்காட்டு எத்தனை கொடுத்தாலும் விதி சரியா பிழையா என்று அது சொல்லாது.

ஒரு வாக்கியத்தைத் திருத்திய கையோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பிழை கண்ட கண்ணுக்கு மற்ற எட்டுப் பக்கங்களும் வேறு மாதிரித் தெரியத் தொடங்கின. பள்ளியில் நன்னூலின் பத்துக் குற்றங்களை மனப்பாடம் செய்திருந்தோம்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை. பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும் என்று நினைத்தது, விவரக்குறிப்பு திருத்தும்போது கைக்கு வந்தது. நட்சத்திரத்தின் பிழை குன்றக் கூறல். அடுத்த பக்கத்தில் இருந்ததோ மயங்க வைத்தல்.

“? என்னும் குறி ஏதேனும் ஓர் எழுத்தைக் குறிக்கும்.” ஆங்கிலக் குறியீடுகளுக்கு இது போதும், “பிஓபி?” என்றால் பிஓபிஎஃப் வரும், பிஓபி வராது. ஆனால் எங்கள் கோப்புகளில் ஊர்ப் பெயரும் பிரிவுப் பெயரும் தமிழில் இருக்கின்றன. கொட்டகலை என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். கொ, ட், ட, க, லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் ஐந்து என்று சொல்லும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247 எழுத்துகளைக் கற்பித்த மொழியில் “கொ” ஓர் எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகப் பொது முறையான யூனிகோடில் அது அப்படியில்லை. ககரம் ஒரு குறியெண், ஒகரக் குறி இன்னொரு குறியெண். புள்ளிக்குத் தனி எண், லையின் ஐகாரக் குறிக்குத் தனி எண். எண்ணினால் எட்டு வருகிறது. குறியெண்களைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட்டுகள். எனவே பைட்டுக் கணக்கில் இருபத்துநான்கு. ஐந்து கேள்விக்குறி போட்டவருக்கு கொட்டகலை வராது. எங்கள் நிரல் குறியெண்களை எண்ணியது. எட்டுப் போட்டால் வந்தது.

எல்லா நேரமும் எட்டும் இல்லை. “கொ” என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். முன்னால் வரும் கொம்பும் பின்னால் வரும் காலுமாக இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். யூனிகோடு இரண்டையும் சமமானவை என்று ஏற்கிறது. திரையில் ஒரு மயிரிழை வேறுபாடும் தெரியாது. ஆனால் பிரித்து எழுதிய கொட்டகலையில் ஒன்பது குறியெண்கள். மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்து வைக்கும் வழக்கமுடையது. ஒரே பெயர் ஒரு கந்தோரிலிருந்து எட்டாகவும் இன்னொரு கந்தோரிலிருந்து ஒன்பதாகவும் வந்ததன் காரணம் இதுதான். ஸ்ரீபாத என்ற மலையின் பெயரில் சிக்கல் இன்னும் ஒரு படி மேல். அதன் முதல் வடிவத்தை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம். 2005இல் யூனிகோடு 4.1இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். இந்த இரண்டும் சமமென்று யூனிகோடு சொல்லவில்லை. சமமான வடிவங்களை ஒருமைப்படுத்தும் எந்தச் சீராக்கமும் இவற்றை ஒன்றாக்காது. மஸ்கெலியாப் பக்கம் போகும் பஸ்ஸின் பெயர்ப்பலகையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை இரண்டு மலை.

இதற்கு என்ன உரை எழுதுவது? “ஓர் எழுத்து” என்பதை “ஒரு வரியுரு” என்று மாற்றலாம் என்று ஒரு கருத்து வந்தது. சொல்லை மாற்றினால் மயக்கம் இடம் மாறும், நீங்காது. கடைசியில் நான் எழுதியது இது: கோப்புப் பெயர் முதலில் சேர்த்தெழுதும் வடிவத்துக்குச் சீராக்கப்படும், அதன் பின் ஒவ்வொரு கேள்விக்குறியும் ஒரு யூனிகோடு குறியெண்ணோடு பொருந்தும், தமிழின் உயிர்மெய்யும் மெய்யும் பெரும்பாலும் இரண்டு குறியெண்களாக இருப்பதால், தமிழ்ப் பெயர்களுக்குக் கேள்விக்குறியைப் பயன்படுத்தாமல் நட்சத்திரத்தைப் பயன்படுத்துக. சரியான வாக்கியம், நிரல் செய்வதை அப்படியே சொல்கிறது. ஆனாலும் தமிழிலேயே எழுதிய ஆவணத்தில், தமிழ் எழுத்தை ஓர் எழுத்தாக எண்ணமாட்டோம் என்று எழுதியபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

சதுர அடைப்பு இதைவிட வேடிக்கை. “[க-ன]* என்பது மெய்யெழுத்து வரிசையில் தொடங்கும் எல்லாப் பெயர்களையும் தெரிவு செய்யும்” என்று ஒரு வரி. ககரம் முதல் னகரம் வரை என்றால் பதினெட்டும் அடங்கிவிட்டன என்றுதான் தமிழ் படித்தவர் நினைப்பார். எழுதியவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். யூனிகோடின் அட்டவணையில் னகரம் கடைசியில் இல்லை. நகரத்துக்கு அடுத்து, பகரத்துக்கு முன்னால் இருக்கிறது. எனவே குறியெண் வரிசையில் அந்த அடைப்புக்குள் வருபவை க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ன என்னும் ஒன்பதும், இடையில் நுழைந்த ஜகரமும். ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற என்னும் ஒன்பதும் வெளியே நிற்கின்றன. சரிபாதி. கொட்டகலை, தலவாக்கலை, டிக்கோயா, நோர்வூட், நானுஓயா எல்லாம் கணக்கில் சேரும். பொகவந்தலாவை, மஸ்கெலியா, லிந்துலை, வட்டவளை, ராகலை எல்லாம் விடுபடும். ஹட்டன் இரண்டு பட்டியலிலும் இல்லை. அது தொடங்கும் கிரந்த எழுத்து அட்டவணையில் மெய்களின் கோடியில் இருக்கிறது. நல்லவேளையாக இந்த விதியை எந்தக் கந்தோரும் பயன்படுத்தியிருக்கவில்லை. போசிக்ஸ் தரநிலையே, தன் அடிப்படை மொழிச்சூழலுக்கு வெளியே இத்தகைய வீச்சுகளின் பொருளை வரையறுக்காமல் விட்டுவிடுகிறது. அந்த வரியை அடியோடு நீக்கிவிட்டு, அடைப்புக்குள் தமிழ் எழுத்துகளை வீச்சாகத் தராமல் தனித்தனியே எழுதுக என்று சேர்த்தேன். உயிர்மெய்யை அடைப்புக்குள் எழுதினால் அது இரண்டு உறுப்பாகச் சிதறும் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன்.

விலக்குக் குறியில் ஒரு சிறு தகராறு. “[^0-9]” என்று எழுதினால் இலக்கம் அல்லாத ஒன்று என்று எங்கள் ஆவணம் சொன்னது. ஒழுங்குக் கோவைகளில் (ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்னும் தேடல் மாதிரிகளில்) அப்படித்தான். கோப்புப் பெயர்ப் பொருத்தத்துக்குப் போசிக்ஸ் தரும் குறி ஆச்சரியக்குறி: “[!0-9]”. கூரைக் குறியில் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை அது வரையறுக்கவில்லை. எங்கள் நிரல் இரண்டையும் ஏற்றது. ஆச்சரியக்குறியை விதியாக எழுதி, கூரைக் குறி பழைய விதிகளுக்காக ஏற்கப்படும், புதியவற்றில் எழுத வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்து முடித்துக்கொண்டேன்.

“*.* எல்லாக் கோப்புகளையும் குறிக்கும்” என்ற வரியும் இருந்தது. விண்டோஸில் வளர்ந்த கை எழுதியது. அங்கே பெயரில் புள்ளியே இல்லாத கோப்பும் அதற்குப் பொருந்தும். லினக்ஸில் புள்ளி இருந்தே ஆக வேண்டும். எங்கள் சேவையகம் லினக்ஸ். அடித்துவிட்டேன்.

புள்ளியில் தொடங்கும் பெயர்தான் உண்மையான தொல்லை தந்தது. போசிக்ஸின்படி கோப்புப் பெயர்களை விரிக்கும்போது, பெயரின் முதலில் நிற்கும் புள்ளியை நட்சத்திரமோ கேள்விக்குறியோ அடைப்போ தொடாது. புள்ளியை வெளிப்படையாக எழுதினால்தான் பொருந்தும். எங்கள் மென்பொருளில் இது வெறும் மரபு அன்று. கோப்பு வந்துகொண்டிருக்கும்போது அதன் பெயர் புள்ளியில் தொடங்கும். முழுதும் வந்து சேர்ந்த பிறகே புள்ளி நீங்கும். இங்கே மாலையில் மூடுபனி இறங்கி, கூடவே மழையும் பிடித்தால் சிக்னல் அறுந்து அறுந்து வரும். பாதியில் நின்ற கோப்பு விடியும் வரை அப்படியே கிடக்கும். நட்சத்திரம் முதற் புள்ளியைத் தொடாது என்று ஆவணத்தில் எங்கும் இல்லை. பண்டாரவளைத் தம்பியின் நிரல் தொட்டது. அரைகுறையாக வந்த கொழுந்துக் கணக்கு முழுக் கணக்காகக் கூட்டப்பட்டது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு காட்டிய நிறை ஒன்று, அறிக்கையில் வந்த நிறை வேறு. பிஓபி காணாமற் போனதைவிட இதைக் கண்டுபிடிக்கத்தான் நாள் பிடித்தது. எல்லோரும் தராசைச் சந்தேகித்தார்கள், ஒருவரும் வாக்கியத்தைச் சந்தேகிக்கவில்லை.

நீக்கிய வாக்கியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, “நட்சத்திரம் இயன்ற அளவு நீளமான பகுதியோடு பொருந்தும்” என்பது. ஒழுங்குக் கோவைகள் பற்றிய ஏதோ ஒரு பாடத்திலிருந்து நகர்ந்து வந்திருக்க வேண்டும். பொருந்திய பகுதியை வெட்டி எடுக்கும்போதுதான் நீளமா குறுகலா என்ற கேள்வி எழும். கோப்புப் பெயர் முழுதும் மாதிரியோடு பொருந்துகிறதா இல்லையா என்று மட்டும் கேட்கும் இடத்தில், நட்சத்திரம் நீளமாகத் தின்றாலும் குறைவாகத் தின்றாலும் விடை ஒன்றே. அந்த வாக்கியம் பொய்யும் அன்று, மெய்யும் அன்று. நன்னூலார் நின்று பயனின்மை என்றது இதைத்தான். இத்தகைய வாக்கியத்தால் தீங்கில்லை என்று விட்டுவிடலாம் எனச் சக ஊழியர் ஒருவர் சொன்னார். நான் விடவில்லை. பயனில்லாத ஒரு வாக்கியத்தை நம்பி யாராவது ஒரு நிரல் எழுதுவார்.

சாய்கோட்டில்தான் நான் தயங்கினேன். கோப்புகள் தோட்டம், பிரிவு, திகதி என்று அடுக்கடுக்கான கோப்புறைகளில் இருக்கின்றன. நட்சத்திரம் ஒரு கோப்புறையின் எல்லைக்குள் நிற்குமா, சாய்கோட்டைத் தாண்டிப் போகுமா? ஆவணம் வாய் திறக்கவில்லை. கோப்புப் பெயர்களை விரிக்கும் ஷெல் என்ற கட்டளை நிரலில் அது தாண்டாது. ஆனால் பெயரைப் பொருத்திப் பார்க்கும் எஃப்என்மேட்ச் என்ற செயற்கூறு, பாதை என்று தனியே சொல்லாவிட்டால் சாய்கோட்டையும் சாதாரண எழுத்தாகக் கொண்டு தாண்டிவிடும். எங்கள் பழைய நிரல் அதைத்தான் அழைத்தது, சொல்லாமலே அழைத்தது. கந்தோர்களில் ஐந்து ஆண்டுகளாக எழுதிவைத்த விதிகள் எல்லாம் நட்சத்திரம் தாண்டும் என்பதை நம்பி நின்றன. அழகான விதி வேண்டுமென்றால் ஒற்றை நட்சத்திரம் தாண்டாது, இரட்டை நட்சத்திரம் தாண்டும் என்று எழுதலாம். நிரல்களின் பதிப்புகளைக் காக்கும் கிட் போன்ற கருவிகள் அப்படிச் செய்கின்றன. அப்படி எழுதினால் ஆவணம் நிமிர்ந்து நிற்கும், கணக்குகள் சரியும். தாண்டும் என்றே எழுதினேன். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை விவரிக்கும் ஆவணத்துக்கு, ஓடுவதைத் திருத்தும் அதிகாரம் இல்லை என்பது என் எண்ணம். குழுவில் இதற்கு எல்லோரும் உடன்படவில்லை.

அந்த வாதத்தில் நான் சான்றாகக் காட்டியது இணையப் பெயர்களின் கதையை. இணையப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டொமைன் பெயர் முறைமையின் அடிப்படை ஆவணமான ஆர்எஃப்சி 1034 வெளிவந்தது 1987இல். (ஆர்எஃப்சி என்பது இணையத்தின் விதிகளை எழுதிவைக்கும் ஆவண வரிசை.) பெயரின் இடது ஓரத்தில் நட்சத்திரம் வைத்து, பதிவு இல்லாத பெயர்களுக்கும் விடை தரலாம் என்று அது சொன்னது. சொன்ன விதத்தில் இருந்த மயக்கத்தைத் தீர்க்க 2006இல் ஆர்எஃப்சி 4592 என்று தனி ஆவணமே வேண்டியிருந்தது. இடையில் பத்தொன்பது ஆண்டுகள். அந்தத் திருத்த ஆவணம் தன் முகப்பிலேயே, நட்சத்திரத்தின் செயலை மாற்றுவது தன் நோக்கம் இல்லை, வரையறையைச் செம்மையாக்குவதே நோக்கம் என்று சொல்லிவிட்டு, மாற்றியே ஆக வேண்டிய ஓரிரு இடங்களை மட்டும் தொடுகிறது. இன்றும் பலர் இடறும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். “*.தோட்டம்.உதாரணம்” என்ற பெயருக்கு ஒரு முகவரி வைத்திருக்கிறோம், “ஹட்டன்.தோட்டம்.உதாரணம்” என்ற பெயருக்கு அஞ்சல் பதிவு மட்டும் வைத்திருக்கிறோம். ஹட்டனின் முகவரியைக் கேட்டால், நட்சத்திரம் கை கொடுக்கும் என்று தோன்றும். கொடுக்காது. பெயர் இருக்கிறது, கேட்ட தரவு இல்லை என்பதே விடை. பெயரே இல்லாத இடத்தில்தான் நட்சத்திரம் பேசும். அதுவுமல்லாமல், ஹட்டனுக்குக் கீழே பதிவில்லாத ஒரு பெயரைக் கேட்டாலும் அது பேசாது, இடையில் ஹட்டன் நிற்பதால். இதே வடிவத்தை ஓர் இணையத்தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழில் எழுதினால் பொருள் மீண்டும் வேறு: 2011இன் ஆர்எஃப்சி 6125உம் அதற்கு மாற்றாக 2023இல் வந்த 9525உம், அங்கே நட்சத்திரம் பெயரில் புள்ளியால் பிரிந்த ஒரே ஓர் அடுக்குக்கு மட்டும் நிற்கும் என்கின்றன. பெயர் முறைமையில் பல அடுக்கையும் மூடக்கூடிய குறி, சான்றிதழில் ஓர் அடுக்கோடு நின்றுவிடுகிறது.

ஆர்எஃப்சி வரிசை ஆவணங்களில் ஒன்று வெளிவந்தபின் அதன் எழுத்தில் கை வைப்பதில்லை. பிழை கண்டவர் பிழைக்குறிப்பு அனுப்புவார். அது பதிவாகி, ஆராயப்பட்டு, உறுதியானதாகவோ, அடுத்த திருத்தத்துக்கு ஒத்திவைக்கப்பட்டதாகவோ, நிராகரிக்கப்பட்டதாகவோ மூலத்தின் பக்கத்திலேயே நிற்கும். எங்கள் ஆவணத்துக்கு அவ்வளவு பெருமை இல்லை. பழைய வாக்கியத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதலாம். நான் அழிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் பழைய வாக்கியம், புதிய வாக்கியம், திகதி, எந்த விதிகள் பாதிக்கப்பட்டன என்ற நான்கையும் ஒரே வரிசையில் இட்டேன். முதல் வரிசையில் என் பழைய நட்சத்திரம் நிற்கிறது.

திருத்திய பதிப்பு கந்தோர்களுக்குப் போன வாரம், கொட்டகலைப் பக்கத்துக் கிளாக்கர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அப்பாவைத் தெரிந்தவர், வயதில் மூத்தவர்.

“தம்பி, புதுப் புத்தகம் பார்த்தேன். கொட்டகலைக்கு எத்தனை கேள்விக்குறி போடணும்?”

“எட்டு, அண்ணே.”

“அஞ்சு எழுத்துதானே?”

“அஞ்சுதான் அண்ணே. ஆனா எட்டுப் போடணும்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் தட்டச்சு விசைகளின் ஒலி மட்டும் கேட்டது.

“சரி, நான் நட்சத்திரமே போட்டுக்கிறேன். அதுல பூச்சியமும் சேத்தின்னு எழுதியிருக்கீங்களே, அது நல்லா வெளங்குது” என்று சொல்லிவிட்டு வைத்தார்.